சொட்டு மருந்து போடுகிறவள்

மே 3

முதலில் ஒன்றை எழுதி வைக்கிறேன். இந்தப் பூனைக்குட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். என் வீட்டுக்காரர் இல்லை. நாளைக்கு யாராவது கதையை மாற்றிச் சொன்னால் காட்டுவதற்கு ஒரு ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான், உரக்கடையில் அவருக்குக் கொடுத்துப் பிரிக்காமலே கிடந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டாரை மூடி வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள்ளிருந்து கீச்சு கீச்சென்று சத்தம். எலி என்றுதான் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கு பூனைக்குட்டிகள். இரண்டு நாட்களுக்கு முன் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு பூனை லாரியில் அடிபட்டுக் கிடந்ததை நானே பார்த்தேன். அதற்குக் குட்டிகள் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. இரண்டு குட்டிகள் ஏற்கெனவே விறைத்துப் போயிருந்தன. மற்ற இரண்டையும் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்தேன். நல்ல சேலை, போச்சு.

அவர் எழுந்து வரவில்லை. வரவும் முடியாது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. இரண்டு மாதம் காலை நீட்டியே உட்கார வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஹாலில் ஒரு நாற்காலி, காலுக்கு எதிரே ஒரு ஸ்டூல், கையில் போன். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"என்னளா சத்தம் அங்கன?"

"பூனைக்குட்டி. நாலுல ரெண்டு செத்துப்போச்சு."

"மத்த ரெண்டும்?"

"உசுரு இருக்கு. குளிர்ல வெறயலு நிக்கல."

செத்ததுகளை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, ஆண் குட்டிக்கு ஈவு என்றும் பெண் குட்டிக்கு மீதி என்றும் பெயர் வைத்தேன். நான் கணக்கு டீச்சர். எனக்கு வருகிற பெயர்தான் வரும்.

மே 4

பசும்பால் கொடுத்தேன். இரண்டும் ராத்திரி முழுக்கக் கழிந்து வைத்தன. மீதிக்கு இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப்போய்விட்டது. காய்கறிக் கூடையில் துண்டைப் போட்டு, இரண்டையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் மாட்டு டாக்டரிடம் போனேன். நாங்கள் மாட்டு டாக்டர் என்றுதான் சொல்லுவோம். வாசலில் ஒரு நாயும் மூன்று ஆடுகளும் எனக்கு முன்னால் காத்திருந்தன.

டாக்டர் பெனிட்டாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் என்னை வைத்து வாங்கிவிட்டார்.

"பசும்பாலா குடுத்தீங்க? டீச்சர்னு சொல்லுதீங்க. குட்டிக்கு அது சேராது மேடம். கழியத்தான் செய்யும்."

வெந்நீரில் நனைத்த பஞ்சை மீதியின் கண்ணில் வைத்து ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்தார். இமை பிரிந்தது. வலது கண் பரவாயில்லை. இடது கண்ணில் ஒரு பச்சைச் சாயத்தைச் சொட்டிவிட்டு, நீல விளக்கை அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அங்கன ஒரு புள்ளி பச்சையா ஒட்டியிருக்கு பாத்தீங்களா? அதுதான் புண்ணு. கருவிழில இருக்கு. இப்ப சின்னதுதான். மருந்து தவறுச்சுன்னா பெருசாயிரும். ஒரு நாளைக்கு ஆறு தடவ போடணும், ஒண்ணுகூட விடக்கூடாது."

குட்டியைத் துண்டில் பொட்டலம் மாதிரி சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, பின்பக்கமிருந்து சொட்டு விட வேண்டும். புட்டியைக் கண்ணுக்கு நேரே காட்டக் கூடாது. நான் ஒரே தடவையில் கற்றுக்கொண்டேன். டாக்டரே சொன்னார், கை நடுங்கவில்லை என்று.

குட்டிகளை எடை போட்டு, வயிற்றுப்பூச்சி மருந்தும் கொடுத்தார். ஈவு மடக்கென்று விழுங்கியது. மீதி என் மணிக்கட்டைப் பிறாண்டியது.

மே 6

மீதி என்னைக் கண்டால் ஓடுகிறது.

துண்டை எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது. இழுத்து வைத்து மருந்து போட்டு விட்டதும் எங்கே போகிறது? நேராக ஹாலுக்கு. ஸ்டூலில் ஏறி, அவர் காலில் நடந்து, மடியில் போய்ச் சுருண்டுகொள்கிறது. அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ராசாத்தி, அடிச்சிட்டாளா உன்னைய?" என்று கேட்கிறார்.

நான் வைத்த பெயர் மீதி. ராசாத்தி என்று கூப்பிட்டால்தான் காதைத் திருப்புகிறது.

அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. குட்டிகள் வெளிக்குப் போகிற மணல் தட்டைக் கழுவுகிறது நான். பீளை துடைக்கிறது நான். ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வெயிலில் உட்கார்ந்திருந்தது நான். அவர் செய்ததெல்லாம் மடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மே 8

இன்றைக்கும் அவர் மடி.

மே 9

கிருத்திகா கூப்பிட்டாள். எங்கள் ஒரே பெண், கோயமுத்தூரில் எஞ்ஜினியரிங் மூன்றாம் வருடம். வழக்கம்போல அவர் போனுக்குத்தான். வீடியோவில் பூனையைக் காட்டச் சொல்லி, இரண்டு பேரும் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யப்பா, ஈவு, மீதியா? பூனைக்குமா கணக்கு? யம்மாவ என்னதான் செய்ய?"

அப்புறம் போனை என்னிடம் கொடுத்தார். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் இறங்கியது, நான் கவனித்தேன்.

"யம்மா, மூணு நாளா தொண்ட வலி. என்ன மாத்திர போட?"

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். சாப்பிட்ட பிறகு போடு, வெறும் வயிற்றில் போடாதே என்றேன். சரிம்மா, வைக்கட்டுமா என்றாள்.

சின்னப் பிள்ளையில் அவளுக்கு மூக்கை அமுக்கி விளக்கெண்ணெய் கொடுத்தது நான். வாய்ப்பாடு சொல்லாமல் தூங்கவிடாதது நான். நகம் வெட்டியது, பேன் சீப்புப் போட்டது, தடுப்பூசிக்குத் தூக்கிப் போனது, எல்லாம் நான். ஊசி போட்டு முடிந்ததும் அழுதுகொண்டே அவர் தோளுக்குத் தாவுவாள். வாங்கிக் கொள்வதற்கென்றே அவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

இதைப் பூனையோடு சேர்த்து ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 11

குட்டிகளுக்கு மீனோ கோழியோ கொடுத்தால் நல்லது, பால் குடிக்கிற வயது தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் சைவம். இந்த வீட்டில் முட்டை உடைந்ததில்லை. இருந்தாலும் இன்று காலையில் முக்காடு போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டீச்சரு! எங்க முத்துராச கணக்குல ஃபெயிலாக்குன டீச்சருதான? நீங்க மீனு திங்க ஆரம்பிச்சிட்டியளா?"

"பூனைக்கும்மா. மெதுவாப் பேசு."

"பூனைக்குன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ," என்றாள். பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். நாளைக்குப் பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்துவிடும்.

புறவாசலில் பழைய மண்ணெண்ணெய் அடுப்பைத் தூசி தட்டி, ஒரு நசுங்கிய சட்டியில் நெத்திலியை வேகவைத்தேன். மூக்கைத் தலைப்பால் கட்டிக்கொண்டுதான். முள் எடுத்து, உதிர்த்து, ஆறவைத்து, தரையில் உட்கார்ந்து தட்டை என் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். மீதி வந்தது. என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, தட்டைக் காலி செய்தது. என் கையை ஒரு தடவை மோந்து பார்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வாயை நக்கிக்கொண்டே ஹாலுக்குப் போய், அவர் மடியில் ஏறி, முகம் கழுவிக்கொண்டது.

"அடேயப்பா, என்ன கவிச்சி!" என்று அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் இறக்கிவிடவில்லை.

மே 12

ஈவு என் மடியில் படுத்தது. ஈவு எல்லார் மடியிலும் படுக்கும். தபால்காரர் மடியிலும் படுக்கும். அதனால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மே 14

அவரைக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போக அவர் தம்பி கார் கொண்டுவந்தார். வீட்டில் நானும் குட்டிகளும் மட்டும்.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டூலில் காலை நீட்டினேன். அவர் கழற்றிப் போட்ட லுங்கியை மடியில் விரித்துக்கொண்டேன். அவர் போடுகிற பவுடரைக்கூட எடுத்துக் கழுத்தில் தட்டிக்கொண்டேன்.

மீதி வந்தது. ஸ்டூலில் ஏறியது. என் காலில் நடந்தது, அந்தச் சின்னப் பாதங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தது. மடிக்கு வந்து லுங்கியை மோந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, படுக்கப் போகிற மாதிரி முன்காலை மடக்கியது. அப்புறம் நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்தது.

ஓடிவிட்டது.

இருபது வருடமாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேலை வாங்கியவள் நான். ஒரு முழங்கை நீளம் இல்லாத பூனை முன்னால் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வருவதற்குள் லுங்கியை மடித்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மே 16

மதிய மருந்தை மறந்துவிட்டேன். ஊரிலிருந்து மாமியார் வழி உறவு ஒருத்தர் வந்திருந்தார், பேச்சில் போய்விட்டது. சாயங்காலமும் ஒரு வேளை விட்டுப்போயிற்று. கண் தெளிவாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் மீதி என் காலடி வரைக்கும் வந்தது.

மே 17

இன்று மருந்து போடவில்லை. தேவை இல்லை என்று நினைக்கிறேன். டாக்டர்கள் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். சளிக்குப் போனாலே ஐந்து நாள் மாத்திரை எழுதுகிறவர்கள்தானே.

துண்டைத் துவைத்துக் காயப்போட்டு, உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். கண்ணில் படாத இடத்தில்.

மே 18

மடிக்கு வந்தாள்!

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ சேலையை இழுக்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் மீதி. தானாக வந்து, தானாக ஏறி, தானாகச் சுருண்டாள். நான் கூப்பிடவே இல்லை. கத்தியைக் கீழே வைக்கவும் பயம், அசைந்தால் போய்விடுவாளோ என்று. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள்ளிருந்து குறுகுறுவென்று ஒரு சத்தம் வந்தது. அது என் தொடை எலும்பு வரைக்கும் கேட்டது.

இவ்வளவு நாள் அவர் அனுபவித்தது இதைத்தானா என்று நினைத்தபோது, சந்தோஷத்துக்கு நடுவிலும் எனக்கு வயிறு எரிந்தது.

குழம்பு ஒரு மணி நேரம் தாமதம். அவர் குச்சியை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசல் வரைக்கும் வந்து பார்த்தார்.

"பார்றா! உங்கிட்ட வந்துட்டாளா?"

"ஏன், வரக்கூடாதா?"

"வரட்டும், வரட்டும்." கொஞ்ச நேரம் நின்றார். "மருந்து போட்டாச்சா?"

"போட்டாச்சு," என்றேன்.

மே 19

மீதி இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருக்கிறாள். வெயில் கூசுகிறது போல. நாளைக்குச் சரியாகிவிடும்.

மே 20

சரியாகவில்லை. காலையில் இடது கண் முழுக்க நீலம் பாரித்து, பாலாடை படிந்த மாதிரி இருந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. உடனே ஆட்டோவுக்குச் சொன்னேன்.

அவரும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஆட்டோவில் ஏறுவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை நின்றார். கூடையை அவர் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுகூட எனக்கு அந்தக் கூடை என் மடியில் இல்லையே என்றுதான் இருந்தது. நான் எப்பேர்ப்பட்டவள் என்று இதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

டாக்டர் சாயத்தை விட்டு விளக்கை அடித்தார். போன தடவை ஒரு புள்ளிதான் பச்சை. இந்தத் தடவை பாதிக் கண் பச்சை.

"மேடம், மருந்து ஒழுங்கா போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஆறு தடவ?"

அப்போது இவர் தொண்டையைக் கனைத்தார்.

"எம்மேலதான் தப்பு டாக்டர். குட்டி கெடந்து கத்துது, கேக்கவே பாவமா இருந்துச்சு. போதும், விட்டுருன்னு நான்தான் சொன்னேன். இவ போடணும்னுதான் சொன்னா."

டாக்டர் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். பாவம் பார்த்தால் கண் போய்விடும் என்று தெரியாதா, படித்தவர்கள்தானே என்று கேட்டார். இவர் குச்சியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சு கொதித்தது. நான் செய்த தப்பைக்கூட அவர் எடுத்துக்கொண்டு, அதிலும் அவரே நல்லவர் ஆகிவிட்டார். இந்தக் கெட்ட பெயராவது என்னுடையதாக இருக்கக் கூடாதா?

"அவங்க ஒண்ணும் சொல்லல," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நானாத்தான் நிறுத்துனேன். அது எம் மடிக்கு வரணும்னு நிறுத்துனேன்."

நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த உதவியாளர் திரும்பிப் பார்த்தார். நாய்கூடத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"மேடம், அது உங்க மடிக்கு வருமா வராதாங்கிறத பெறகு பாப்போம். இப்ப கண்ணு வேணுமா வேண்டாமா? புண்ணு இன்னும் ஆழமாப் போச்சுன்னா கண்ண எடுக்கத்தான் செய்யணும். ரெண்டு மணிக்கு ஒருக்க போடுங்க. வெறுத்தா வெறுக்கட்டும்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவரிடம் கேட்டேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாள் பூரா ஹால்லதான இருக்கேன். மருந்து போட்டா அது கத்தும். மூணு நாளா வீட்டுல சத்தமே இல்ல."

"பின்ன ஏன் அன்னைக்கே பிடிச்சுக் கேக்கல?"

வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வ.உ.சி. மைதானம் தாண்டிய பிறகுதான் பதில் வந்தது.

"நீ சிரிச்சிக்கிட்டிருந்த."

மே 21

மீதியின் கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டியாகிவிட்டது, கண்ணைப் பிறாண்டக் கூடாது என்று. சுவரில் இடித்துக்கொண்டு நடக்கிறாள்.

"இனிமே நான் போடுதேன். கொஞ்ச நாளு என்னைய வெறுக்கட்டும்," என்றார் அவர். உள்ளுக்குள் எனக்கு என்ன ஒரு குதூகலம். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். முதல் சொட்டு அவர் லுங்கியில் விழுந்தது. இரண்டாவது மீதியின் காதில். மூன்றாவதுக்குள் துண்டிலிருந்து உருவிக்கொண்டு குதித்து, புனலோடு போய் ஸ்டூல் காலில் மோதினாள்.

"குடுங்க இங்க," என்று புட்டியைப் பிடுங்கினேன்.

சுருட்டி, தலையைச் சாய்த்து, பின்னாலிருந்து ஒரே சொட்டு. கண்ணுக்குள் விழுந்தது. கத்தினாள்.

"நீ போட்டாத்தான் விழுது," என்றார். அதைக் கேட்டு எனக்குப் பெருமை வந்தது என்று எழுத மாட்டேன்.

விட்டதும் மீதி அவர் மடிக்கே போனாள். காதில் மருந்து ஊற்றியவர் மடிக்கு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

மே 22

மருந்து. மருந்து. மருந்து. அலாரம் வைத்துப் போட்டேன். ஒன்றுகூட விடவில்லை.

மே 24

மத்தியானம் கிருத்திகா கூப்பிட்டாள். என் போனுக்கு. எடுத்ததும் அழுகைச் சத்தம்.

"யம்மா, ஒரு பேப்பர்ல போயிருச்சு. அரியர். யப்பாட்ட சொல்லிராத, மனசு ஒடிஞ்சிருவாவ."

"எந்தப் பேப்பர்? எத்தன மார்க்கு?"

சொன்னாள். மூன்று மார்க்கில் போயிருக்கிறது. அழுகையை நிறுத்து, முகத்தைக் கழுவிவிட்டு வந்து பேசு என்றேன். லைனிலேயே இருந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வந்தாள். மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன என்று பார்க்கச் சொன்னேன். கேள்வித்தாளை அனுப்பச் சொன்னேன். எந்தக் கணக்கை எப்படிப் போட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறாள், மார்க் வந்திருக்க வேண்டும். மனுப் போட்டுப் பார், வராவிட்டால் நவம்பரில் எழுது, உலகம் ஒன்றும் இடிந்து விழாது என்றேன்.

"சரிம்மா," என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "நீ திட்டுவன்னு நெனச்சேன்."

"திட்டுததுக்கு இப்ப நேரமில்ல. பூனைக்கு மருந்து போடணும்."

சாயங்காலம் அவர் போனுக்குக் கூப்பிட்டாள். ஹாஸ்டலில் யாரோ வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போனை வைத்துவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "புள்ள இன்னைக்கு என்ன சந்தோசமா இருக்கா பாத்தியா?"

"ஆமா," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு. எனக்கு அரியர். எப்போதும் இப்படித்தான் பங்கு பிரிக்கிறார்கள்.

மே 28

டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை கூடையை என் மடியில் வைத்துக்கொண்டேன். சாயம் விட்டுப் பார்த்ததில் பச்சை இல்லை. புண் மூடிவிட்டது. கண்ணை எடுக்க வேண்டாம். மேசையைப் பிடித்துக்கொண்டேன். கழுத்துப் புனலையும் கழற்றிவிட்டார்.

ஆனால் கண்ணில் வெள்ளையாக ஒரு தழும்பு. அதற்குள்ளே பார்வை இருக்கிறதா என்பது தெரியவில்லை. டாக்டர் மீதியின் வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து போட்டார். பஞ்சு விழுந்தால் சத்தம் வராது. கண் தெரிந்தால் அது விழுவதைப் பூனை பார்க்கும். மீதி பயத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். பார்க்கவில்லை.

"இங்க பயந்து போயிருக்கு. வீட்டுல வச்சுப் பாருங்க. மருந்து இன்னும் பத்து நாளைக்கு, நாளுக்கு மூணு தடவ."

"தெரியலன்னா?" என்று கேட்டேன்.

"தெரியலன்னா ஒத்தக் கண்ண வச்சு நல்லாவே பொழைக்கும் மேடம். பூனைக்கு அது பெருசில்ல."

பூனைக்குப் பெரிதில்லை. எனக்கு?

மே 30

இன்று பஞ்சுப் பரீட்சை. என்னைக் கண்டால் ஓடிவிடுவாள் என்பதால் நான் நாற்காலிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். மீதி அவர் மடியில். அவர் தன் பெரிய கையால் வலது கண்ணை மூடினார், அதற்குக்கூடச் சம்மதித்தாள். நான் மேலிருந்து பஞ்சைப் போட்டேன். அசையவில்லை. மறுபடி போட்டேன். கொட்டாவி விட்டாள். இன்னும் ஒன்று. பஞ்சு அவள் மூக்குக்கு முன்னால் போய் விழுந்தது, தலையைத் திருப்பவே இல்லை.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்வையை மாற்றிக்கொண்டார்.

"தூக்கக் கலக்கத்துல இருக்கா," என்றார்.

பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். ஒரு கண். என் பொறாமைக்கு ஒரு குட்டியின் கண்ணைக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் மடியில் படுத்ததற்கு. அவளைக் கேட்டா கொடுத்தேன்? அரிசி களைந்துகொண்டே அழுதேன். ஈவு வந்து என் காலைச் சுற்றியது. அது வருவது சோற்றுக்குத்தான், தெரியும். இருந்தாலும் தூக்கிக்கொண்டேன்.

ஜூன் 1

இரண்டு குட்டிகளுக்கும் தடுப்பூசி போட்டது. பஞ்சைத் திரும்பப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. மருந்து மட்டும் தவறாமல் போடுகிறேன்.

ஜூன் 3

மதியச் சாப்பாடு முடிந்து அவர் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். மீதி அவர் வயிற்றில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தாள். வலது கண் அவர் பனியனுக்குள் அமுங்கிக் கிடந்தது. வெளியே தெரிந்தது அந்த வெள்ளைத் தழும்புக் கண் மட்டும்தான், அதுவும் மூடியிருந்தது. மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மருந்து நேரம். துண்டை எடுக்கவில்லை, எடுத்தால் சத்தம் வரும். கொலுசு நான் போடுவதில்லை. வெறுங்காலோடு, இடது பக்கமாக, புட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போனேன். தூங்கும்போதே இமையை விலக்கி ஒரு சொட்டு விட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். வேறு எந்த யோசனையும் இல்லை.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வரும்போது அந்தக் கண் திறந்தது.

காது திரும்பவில்லை. தலை அசையவில்லை. கண் மட்டும் திறந்து, தழும்புக்கு ஓரமாகத் தெரிந்த கருமணி நேராக என் கைக்கு வந்தது. புட்டிக்கு வந்தது. நான் ஒரு அடி இந்தப் பக்கம் நகர்ந்தேன். கண்ணும் இந்தப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் நகர்ந்தேன். அதுவும் வந்தது.

அடுத்த நொடி அவர் வயிற்றில் நாலு காலையும் ஊன்றி ஒரு தாவல். ஸ்டூலையும் தாண்டி, மேசைக் காலையும் உரசாமல், நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து படுக்கையறைக் கட்டிலுக்கடியில் மறைந்துவிட்டாள். எதிலும் இடிக்கவில்லை.

"யாத்தே!" என்று அலறிக்கொண்டு அவர் எழுந்தார். "என்னளா செஞ்ச?"

"ஓடிட்டா," என்றேன். "என்னையப் பாத்துட்டு ஓடிட்டா. எடது கண்ணால பாத்தா. அந்தக் கண்ணாலதான் பாத்தா."

பனியனைத் தூக்கி வயிற்றைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் ஹாலுக்கு நடுவில் புட்டியோடு நின்று அழுதுகொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தேன் என்று அவர் பிறகு சொன்னார்.

"நீ பஞ்சு போட்டப்ப பாக்கல," என்றார்.

"பஞ்சுக்கு அவ ஏன் பயப்படணும்?"

"அதுஞ் சரி." பனியனை இறக்கிவிட்டார். "இன்னைக்கு ஒரு நாளு மருந்த விட்டுருவமா? நல்ல நாளு."

"அதெல்லாம் முடியாது."

கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்து, மூலையிலிருந்து அவளை இழுத்தேன். துண்டில் சுருட்டி, தலையைச் சாய்த்து, பின்னாலிருந்து ஒரே சொட்டு. கத்தினாள். தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். கிருத்திகா சின்னப் பிள்ளையில் இப்படித்தான் கத்துவாள்.

இப்போது மீதி திரும்பவும் அவர் மடியில். அவர் சொறிந்துவிடச் சொறிந்துவிட அந்தக் குறுகுறு சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. எனக்கு இன்னும் பொறாமைதான், குறையவே இல்லை. தூங்கவில்லை அவள். அந்தத் தழும்புக் கண்ணை என்மேல் வைத்து, நான் எழுந்தால் ஓடுவதற்குத் தயாராகப் படுத்திருக்கிறாள். குழம்பு வைக்க நேரமாகிவிட்டது. ஆனாலும் அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கட்டும் என்று, எழுந்திருக்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.